நண்டு அளந்த பாதை

நாலு பக்கமும் கடல் இருக்கிற இடத்தில், அந்தக் கடலே உள்ளே வந்துவிட்டால் நீங்கள் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்? சட்டென்று பதில் வராதுதானே? ஒரு காட்டில் இதற்குப் பதில் கண்டுபிடிக்கக் கமிட்டி போட்டார்கள்.

அந்தக் காடு ஒரு தீவு. பேர் சங்குத்திட்டு. தோசைக்கல் மாதிரி வட்டமாக இருக்கும். ஓரமெல்லாம் மணல். மணலை ஒட்டிக் கோரைப்புல். அதற்குள்ளே உடைமரமும் முள்ளும். நட்டநடுவில் ஒரு செம்மண் மேடு. கோரைப்புல்லிலிருந்து மேட்டுக்கு நேராக நடந்தால் ஒரு கௌதாரி முந்நூறு எட்டு வைக்க வேண்டும்.

கௌதாரி கணக்கில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தக் கோரைப்புல்லில் உலகம்மை என்றொரு கௌதாரி ஏழு முட்டையின் மேல் உட்கார்ந்திருந்தது. கடல் வந்தால் முதலில் நனைவது அந்த இடம்தான். கௌதாரி பறக்கும். முட்டை பறக்காது. அதனால் கமிட்டி என்ன செய்கிறது என்று உலகம்மை மற்ற எல்லோரையும்விட அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

முந்தின வருஷப் புயலில் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். வட்டமான தீவில் ஆளுக்கொரு பக்கம் ஓடினால் எல்லோரும் கடலுக்குத்தான் போய்ச் சேருவார்கள். சேர்ந்தார்கள். பயந்துபோய்த் திரும்பி ஓடிவந்து நடுவில் மோதிக்கொண்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை. மோதினவர்களில் முள்ளம்பன்றியும் ஒன்று என்பதால் மற்ற சேதம் இருந்தது.

இந்தச் செய்தி அக்கரையில் இருக்கும் பெரிய காட்டுக்குப் போனது. அங்கிருந்து ஒரு காகிதம் வந்தது. ஒவ்வொரு தீவும் ஆபத்து நேரத்தில் வெளியேற ஒரு பாதை போட வேண்டும். பாதை நெடுக அம்புக்குறிப் பலகை நட வேண்டும். முப்பது நாளுக்குள் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் 'ஆபத்தே இல்லாத தீவு' என்று எழுதிக்கொள்ளப்படும்.

சங்குத்திட்டின் தலைவர் சிகாமணி என்ற மயில். அது கூட்டம் போட்டது.

"எங்க போகணும்னு முதல்ல முடிவு பண்ணுவோம்" என்றது மயில்.

"மேட்டுக்கு" என்றார்கள் எல்லோரும்.

"வேற இடம் ஏதாவது ஆலோசனை இருக்கா?"

"வேற மேடு இல்லையே தலைவரே."

"அப்போ ஒருமனதா நிறைவேறுது" என்றது மயில். தலைமை தாங்கி இருபது வருஷத்தில் ஒருமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அது. தோகையை ஒரு தடவை விரித்து மூடியது.

பாதையை யார் அளப்பது என்பதில் சண்டை வந்தது. முயல் அளந்தால் தாவித் தாவி எண்ணும். ஆமை அளந்தால் முப்பது நாள் போதாது. கடைசியில் சூசை என்ற நண்டைப் பிடித்தார்கள். சூசை நல்ல உழைப்பாளி, கேட்டால் இல்லை என்று சொல்லாது. அதற்கு எட்டுக் கால் இருப்பதால் ஒரு தடவை நடந்தாலே நாலு பேர் அளந்த மாதிரி என்று மயில் எடுத்துச் சொன்னது.

சூசை மூன்று நாள் அளந்தது. நண்டுக்கு உடம்பு காயக் கூடாது. அதனால் காய்ந்த மணலில் ஏறாமல் ஈர மணலோடே தீவை முக்கால் சுற்றுச் சுற்றியது. ஓடை ஒன்று கடலில் விழும் இடத்தில் திரும்பி, ஓடைக்குள்ளேயே நகர்ந்து மேட்டில் ஏறியது. முந்நூறு எட்டில் போகிற இடத்துக்குப் பாதை ஆயிரத்து எழுநூறு எட்டு வந்தது.

"ஏன் சூசை, இவ்வளவு சுத்து?" என்று கேட்டது மயில்.

"பாதை நெடுகத் தண்ணி வசதி இருக்கு தலைவரே."

மயில் அதை அப்படியே அறிக்கையில் எழுதச் சொன்னது.

இருபது எட்டுக்கு ஒரு பலகை நட்டார்கள். அம்புக்குறியும் சூசையே போட்டது. தான் நேரே பார்த்துக்கொண்டிருந்த திசையில் போட்டது. இதில் அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாம் பார்க்கிற பக்கம் போகிறோம். நண்டுக்குப் பார்க்கிற பக்கம் ஒன்று, போகிற பக்கம் ஒன்று. சூசை கடலைப் பார்த்துக்கொண்டே இடது பக்கமாக நகர்ந்து நகர்ந்து அளந்திருந்தது. ஆகவே எண்பத்தைந்து அம்பும் கடலைக் காட்டின.

ரிப்பன் வெட்டினார்கள். பலகைக்குப் பக்கத்தில் நின்று மயில் படம் எடுத்துக்கொண்டது. படம் பெரிய காட்டுக்குப் போனது. 'மிக நன்று' என்று பதில் வந்தது.

அடுத்த வாரம் ஒத்திகை. உலகம்மை முட்டையை விட்டு எழுந்திருக்க முடியாமல் புல்லுக்குள்ளிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தது. விசில் ஊதினதும் எல்லோரும் ஒழுங்காக வரிசையில் வந்தார்கள். அம்பைப் பார்த்தார்கள். அம்பு காட்டிய பக்கம் நடந்தார்கள். முயல் கழுத்தளவுத் தண்ணீருக்குப் போனதும் நின்றது. அதற்குப் பின்னால் வந்த உடும்பு, "ஏன் நின்னுட்டீங்க? மேடு வந்துடுச்சா?" என்று கேட்டது.

அன்று மாலையே அவசரக் கூட்டம்.

முயலின் பேர் தங்கபுஷ்பம். அதற்குக் கோபம் வந்தால் மூக்கு துடிக்கும். "தலைவரே, பலகையைத் திருப்பி வச்சாப் போதும். எண்பத்தஞ்சு பலகைதானே. நானே ஒரு நாள்ல திருப்பிடுறேன்" என்றது.

"படம் போயிடுச்சேம்மா" என்றது மயில்.

"படம் போனா என்ன?"

"படத்துல பலகை இப்படி இருக்கு. இங்க அப்படி இருந்தா, எது சரின்னு கேட்பாங்க. அது தப்புன்னா எதுக்கு 'மிக நன்று' போட்டோம்னு அவங்களுக்கு வருத்தமா இருக்கும். பெரியவங்க மனசைக் கஷ்டப்படுத்தலாமா?"

எல்லோரும் சூசையைப் பார்த்தார்கள். சூசைக்கு உண்மையிலேயே எதுவும் விளங்கவில்லை. "நான் நூறு தடவை அந்தப் பாதையில போய்ட்டு வந்துட்டேன். எனக்கு ஒரு தடவைகூடத் தப்பா வரலை. பலகை சரியாத்தான் இருக்கு. நீங்கதான் நேரா நடக்கிறீங்க" என்றது.

யோசித்துப் பார்த்தால் அதுவும் உண்மைதான்.

தீர்மானம் நிறைவேறியது. பலகையைத் தொட வேண்டாம். தீவில் உள்ள அனைவரும் அம்பைப் பார்த்து நின்று இடது பக்கமாக நடக்கப் பழக வேண்டும். பயிற்சி தருபவர் சூசை. தினமும் காலை ஏழு மணி, இடம் ஈர மணல்.

பயிற்சி தொடங்கின அன்றுதான் உலகம்மையின் ஏழு முட்டையும் பொரிந்தன.

இரண்டாம் நாள் உலகம்மை குஞ்சுகளைப் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டுக் கமிட்டியின் கிளார்க்கைப் பார்க்கப் போனது. கிளார்க் ஒரு கொக்கு. பேர் வெள்ளைச்சாமி. ஒற்றைக் காலில் நின்று இன்னொரு காலில் டேப்லெட் வைத்திருக்கும்.

"அண்ணாச்சி, எங்க பேரையும் பாதையில சேர்த்துக்கோங்க. நானும் ஏழு பிள்ளைகளும்."

கொக்கு தேடிப் பார்த்தது. "உங்க பேர் இருக்கே. 'பறப்பன'ல இருக்கு. பறக்கிறவங்களுக்குப் பாதை கிடையாது."

"நான் பறப்பேன். பிள்ளைங்க பறக்காது. பிறந்து ரெண்டு நாள்தான் ஆகுது."

"இறக்கை இருக்கா?"

"இருக்கு. என் நகம் அளவுக்கு இருக்கு."

"இருக்குல்ல? அப்போ பறப்பன."

"அண்ணாச்சி, நீங்களே வந்து தூக்கிப் போட்டுப் பாருங்க. பொத்துன்னு விழும்."

"விழுறதுக்குத் தனியா இடம் இல்லம்மா. இதுல மூணுதான் இருக்கு. பறப்பன, நடப்பன, ஊர்வன." கொக்கு டேப்லெட்டைத் திருப்பிக் காட்டியது. மூன்றுதான் இருந்தது.

"நடப்பனல போடுங்க. நல்லா நடக்கும்."

"அதுக்கு நடைப் பயிற்சிச் சான்றிதழ் வேணும். சூசைகிட்ட வாங்கிட்டு வாங்க."

சான்றிதழ் இல்லாமல் பாதையில் கால் வைக்க விடமாட்டார்கள். பாதையில் கால் வைக்காமல் மேட்டுக்குப் போக இன்னொரு வழியைப் பற்றி அந்தத் தீவில் யாரும் இப்போதெல்லாம் பேசுவதில்லை. உலகம்மை அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு ஏழு குஞ்சையும் கொக்கரித்துக் கூட்டிக்கொண்டு ஈர மணலுக்குப் போனது.

மற்றவர்களுக்குப் பயிற்சி பெரும் பாடாக இருந்தது. உடும்பு வாலை மிதித்து விழுந்தது. பன்றிக்குப் பக்கவாட்டு என்பதே பிடிபடவில்லை. தங்கபுஷ்பம் ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு தடவை சூசையைத் திட்டியது. ஆனால் குஞ்சுகளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. பிறந்து மூன்று நாளில் முதன்முதலாக அவை பார்த்த ஊரே பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தது. நடை என்றால் இதுதான் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டன. அம்பைப் பார்த்து நின்று 'கிடுகிடு'வென இடது பக்கமாக ஓடின.

"என்ன அருமையான பிள்ளைங்க!" சூசையின் கண் இரண்டும் குச்சி முனையில் கலங்கின. "என் சொந்தப் பிள்ளைங்ககூட இப்படி இல்ல தாயி."

நாலே நாளில் ஏழு சான்றிதழ். உலகம்மை அதை வாங்கிக் கொக்கிடம் கொடுத்தது. கொக்கு ஏழு பேரையும் நடப்பனவில் சேர்த்தது. உலகம்மைக்கு அன்றுதான் நல்ல தூக்கம் வந்தது. நேராக நடப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க விட்டுப்போனது அதற்கு அப்போது தோன்றவில்லை. எந்தத் தாய்க்குத் தோன்றும்?

குஞ்சுகளுக்குப் பன்னிரண்டு நாள் ஆனபோது, ஒரு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, கரையோரம் நின்ற மொட்டைப் பனையில் எட்டாம் எண் புயல் கூண்டு ஏறியது. காற்று உப்பை வாரி அடித்தது. கொக்கு வெள்ளைச்சாமி மைக்கைப் பிடித்தது.

"அன்பார்ந்த சங்குத்திட்டுவாசிகளே! பதற்றப்படாதீர்கள். முதல் பலகைக்கு வந்து, அம்பைப் பார்த்து நின்று, இடது பக்கமாக நகருங்கள். ஒவ்வொரு பலகையிலும் கையெழுத்து அவசியம். நேராக நடப்பவர்களின் பெயர் நீக்கப்படும்."

எல்லோரும் ஈர மணலுக்கு வந்தார்கள். தீவில் இருந்த ஒரே மேட்டுக்கு முதுகைக் காட்டி, வருகிற அலைக்கு முகத்தைக் காட்டி, வரிசையாக நின்றார்கள். நகர்ந்தார்கள். நின்றார்கள். கையெழுத்துப் போட்டார்கள். பன்றிக்குக் கையெழுத்து வராது என்பதால் மை தேடினார்கள். வரிசை நின்றது.

உலகம்மை ஏழு குஞ்சோடு வந்தபோது வரிசையின் வால் முதல் பலகையைக்கூடத் தாண்டவில்லை.

"நீங்க புதுசாச் சேர்ந்தவங்க, கடைசியில நில்லுங்க" என்றது கொக்கு.

உலகம்மை கடைசியில் நின்றது. அலை ஒன்று வந்து குஞ்சுகளின் காலை நனைக்கப் பார்த்து, நனைக்காமல் திரும்பியது. உலகம்மை வரிசையைப் பார்த்தது. கடலைப் பார்த்தது. திரும்பி மேட்டைப் பார்த்தது. முந்நூறு எட்டு. மறுபடி கடலைப் பார்த்தது. தூரத்தில் கடல் சுவர் மாதிரி எழும்பிக்கொண்டிருந்தது.

"பிள்ளைகளா, திரும்புங்க. அம்மா பின்னாடி ஓடி வாங்க!"

உலகம்மை நாலு எட்டு ஓடித் திரும்பிப் பார்த்தது. ஏழும் கீழ்ப்படிந்து திரும்பி, அம்மாவைப் பார்த்து, அம்மா பக்கம் வராமல், அத்தனை வேகமாக இடது பக்கமாக ஓடிக்கொண்டிருந்தன.

"நேரா வாங்கம்மா, நேரா!"

குஞ்சுகளுக்கு அந்தச் சொல்லே தெரியாது. "நேரான்னா என்னம்மா?" என்று கேட்டுக்கொண்டே இடது பக்கம் ஓடின.

உலகம்மை அவற்றின் முன்னால் ஓடி வந்தது. ஏழையும் இறக்கையால் வாரிச் சுருட்டி நிறுத்தியது. அலகில் கவ்விக்கொண்டு பறக்கலாம் என்றால் ஒன்றைத்தான் கவ்வ முடியும். எதை முதலில் கவ்வுவது? அந்தக் கணக்கைப் போட அதற்கு மனசு வரவில்லை. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நின்று யோசித்தது. பிறகு வரிசை போகிற பக்கம் தெரிந்த மொட்டைப் பனையைக் காட்டியது.

"எல்லாரும் அந்தப் பனையைப் பாருங்க. பார்த்தாச்சா? சூசை மாமா சொன்னது நினைப்பிருக்கா?"

"இருக்கு!"

"அப்போ நடங்க!"

குஞ்சுகள் பனையைப் பார்த்துக்கொண்டு இடது பக்கமாகப் பாய்ந்தன. அவற்றின் இடது பக்கத்தில் இப்போது மேடு இருந்தது.

வரிசையில் நின்ற தங்கபுஷ்பம் இதைப் பார்த்துவிட்டது. "ஏட்டி உலகம்மை! பாதை இங்க இருக்கு, எங்க போற?"

"பாதை அங்கதான் இருக்குக்கா. மேடு இங்க இருக்கு. நீங்களும் வாங்க!"

"வந்துடுவேன். இன்னும் ரெண்டு பேர்தான், அடுத்து என் கையெழுத்து. இவ்வளவு நேரம் நின்னுட்டு விட்டுட்டு வர மனசில்லை."

முள்ளுக்குள் நுழைந்ததும் பனை மறைந்துவிட்டது. குஞ்சுகள் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தடுமாறி, ஆளுக்கொரு பக்கம் திரும்பி, ஆளுக்கொரு இடது பக்கமாகச் சிதறப் பார்த்தன. உலகம்மை ஒரே பாய்ச்சலில் அவற்றின் முகத்துக்கு எதிரே போய் நின்றது.

"அம்மா மூஞ்சியைப் பாருங்க. கண்ணை எடுக்காதீங்க. அம்மா எங்க வந்தாலும் அம்மா மூஞ்சியைத்தான் பார்க்கணும்."

அப்படியே ஓடினார்கள். குஞ்சுகள் பக்கவாட்டில், அவற்றைப் பார்த்தபடி உலகம்மையும் பக்கவாட்டில். தானும் பக்கவாட்டில் ஓடுகிறோம் என்பதே அதற்குத் தெரியவில்லை. முள் குத்தியதும் தெரியவில்லை. அலகு மட்டும் எண்ணிக்கொண்டே இருந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு. ஒண்ணு, ரெண்டு, மூணு.

மேட்டின் உச்சியில் ஒரு பாறை இடுக்கு இருந்தது. ஏழையும் உள்ளே தள்ளி, மேலே இறக்கையை விரித்து உட்கார்ந்தது. மழை அதன் முதுகில் விழுந்தது. குஞ்சுகள் மேல் ஒரு சொட்டு விழவில்லை.

கடல் வந்தது.

வந்த கடல் வரிசையை அப்படியே தூக்கியது. பன்றி, உடும்பு, முயல், முள்ளம்பன்றி, மயில், டேப்லெட்டோடு கொக்கு, எண்பத்தைந்து பலகை, எல்லாவற்றையும் உடைமரத்துக்கு மேலே தூக்கிக்கொண்டு போய் மேட்டுச் சரிவில் கொட்டிவிட்டுத் திரும்பிப் போனது. யாருக்கும் உயிர் போகவில்லை. மயிலுக்குத் தோகை போயிருந்தது. இறங்கினபோது வரிசை கொஞ்சம் மாறியிருந்தது. கொக்கு அதற்காக வருத்தப்பட்டது.

மயில் எழுந்து, தண்ணீரைத் துப்பி, சுற்றும் முற்றும் பார்த்தது. "எல்லாரும் மேட்டுக்கு வந்துட்டோமா?"

"வந்துட்டோம் தலைவரே."

"பாதையில இருந்துதானே வந்தோம்?"

"பாதையில இருந்துதான்."

"அப்போ திட்டம் வெற்றி" என்றது மயில். விரிக்கத் தோகையில்லாததால் தலையை மட்டும் ஆட்டியது. சூசை கடல் கொட்டிய மணலுக்குள்ளிருந்து வெளியே வந்து, "நான் அன்னைக்கே சொன்னேன்" என்றது. பலரும் அதன் கொடுக்கைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

மூன்று மணிக்கு மழை விட்டது. நாலு மணிக்குப் பெரிய காட்டிலிருந்து நிவாரணம் வந்தது. கொண்டுவந்தது ஒரு கூழைக்கடா. அலகுக்குக் கீழே தொங்குகிற பை நிறையத் தினை. தீவில் ஒரு புல் விதை மிச்சமில்லை, ஒரு கறையான் மிச்சமில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத குஞ்சுகள் இடுக்கிலிருந்து தலையை நீட்டித் தினையைப் பார்த்து வாயைத் திறந்தன. ஏழு வாய். நேற்று முழுக்கப் பூச்சி பிடித்துக் கொடுத்தும் ஏழும் பசி பசி என்றவை. இன்னும் ஒரு ராத்திரி தாங்காது என்று உலகம்மைக்குத் தெரியும்.

கூழைக்கடா பேசினால் தினை சிந்தும். அதனால் தினையைக் கீழே குவியலாகக் கொட்டிவிட்டுப் பேசியது. "கடலால பாதிக்கப்பட்டவங்க மட்டும் வரிசையில வாங்க."

வந்தவர்களின் முதுகை ஒவ்வொருவராக நாக்கால் தொட்டுப் பார்த்தது. உப்புக் கரித்தால் கடல் தண்ணீர். கடல் தண்ணீர் என்றால் ஒரு பிடி தினை. அப்படித்தான் விதி. தங்கபுஷ்பத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சரியான உப்பு" என்று பாராட்டி இரண்டு பிடி கொடுத்தது.

உலகம்மையின் முறை வந்தது. கூழைக்கடா அதன் முதுகைத் தொட்டது. "இது மழைத் தண்ணி." குஞ்சுகளைத் தொட்டது. முகம் சுளித்தது. "இதுங்க காஞ்சு கிடக்குதே. நீங்க புயலப்போ எங்க இருந்தீங்க?"

"இங்கதான் ஐயா, மேட்டுல."

"எப்படி வந்தீங்க?"

"நடந்து வந்தோம்."

"கடல் கொண்டாந்து விடலையா?"

"அது வர்றதுக்கு முன்னாடியே வந்துட்டோம்."

கூழைக்கடா கொக்கைப் பார்த்தது. கொக்கு டேப்லெட்டிலிருந்து தண்ணீரை உதறிவிட்டுத் தேடியது. "முதல் பலகையிலயே கையெழுத்து இல்லீங்க. பாதைக்கு வராதவங்க எட்டுப் பேர்னு காட்டுது."

"பாதைக்கும் வரலை. கடலும் தொடலை. அப்போ உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே" என்றது கூழைக்கடா. குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே சந்தோஷப்பட்டது. "நல்லா இருங்க. அடுத்த ஆள் வாங்க."

உலகம்மை அழவில்லை. அழ நேரமில்லை. தினைக் குவியல் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. வரிசையில் இன்னும் ஆறு பேர்தான். கீழே கடலுக்குப் போய் வர அறுநூறு எட்டு ஆகும். அது சுற்றும் முற்றும் பார்த்தது. தங்கபுஷ்பம் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து தினையை மென்றுகொண்டிருந்தது. நீளமான இரண்டு காதும் கடல் தண்ணீரில் ஊறி, கனம் தாங்காமல் தொங்கிக்கொண்டிருந்தன.

உலகம்மை ஏழு குஞ்சையும் வேகமாக ஓட்டிக்கொண்டு வந்து அந்தக் கல்லுக்குக் கீழே வரிசையாக நிறுத்தியது.

"அக்கா, கோவிச்சுக்காம உங்க காதைக் கொஞ்சம் இவங்க தலையில பிழிஞ்சு விடுங்களேன்."

நீதி: உயிரோடு மேடேறினால் மட்டும் போதாது, உப்போடும் ஏற வேண்டும்.